வளை வரியும் காட்டுப்பன்றியின் சட்டமும்

ஒரு காட்டின் நடுவே பெரிய ஏரி இருந்தது. அதன் கரையோரம் வளை தோண்டிக் குடியிருந்த விலங்குகள், வளை ஒன்றுக்கு ஆண்டுக்கு ஐந்து நெல்லிக்காய் வரி கட்டின. கரைக்கு மண் போடும் பெருச்சாளிகளுக்கு அதுதான் கூலி.

அங்கே செங்கண்ணி என்ற கீரி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தது. அதற்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. மழை பெய்தால்கூட, இது எதற்காக இப்போது பெய்கிறது என்று யோசிக்கும் பிறவி அது.

ஒரு நாள் ஏரிக் காவலரான ஆமை எல்லாரையும் கூட்டியது. "மதகோரம் கரை கசிகிறது. இந்த ஆண்டு வரி எட்டாக வேண்டும்" என்றது.

"ஏன் எட்டு? ஏழு போதாதா? போன ஆண்டு நெல்லிக்காயெல்லாம் எங்கே போயிற்று?" என்று செங்கண்ணி பிடித்துக்கொண்டது.

ஆமை நிதானமாகப் பதில் சொன்னது. செங்கண்ணி விடவில்லை. கசிவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, "இதை நீங்களே தோண்டியிருந்தால்?" என்று கேட்டது. ஆமையின் ஓட்டுக்கடியில் நெல்லிக்காய் ஒளிந்திருக்கிறதா என்று குனிந்து வேறு பார்த்தது. பாவம் ஆமை, ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்டியது.

அப்போது காட்டுப்பன்றி முன்னால் வந்தது. "வளை வரி என்றைக்கும் ஐந்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டுவிடுவோம். சம்மதம் என்றால் பச்சை இலை போடுங்கள், இல்லையென்றால் சருகு. ஏழைபாழைகள் பிழைக்கட்டும் அம்மா" என்றது.

செங்கண்ணி நெகிழ்ந்துபோயிற்று. நம் கஷ்டம் தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்று நினைத்தது. எண்ணிப் பார்த்தபோது சருகைவிடப் பச்சை இலை ஒன்றே ஒன்று அதிகம். அதைக் கடைசியாகப் போட்டது செங்கண்ணி.

அந்த மழைக்காலத்தில் மதகோரம் கரை உடைந்தது. ஐந்து நெல்லிக்காய்க்குப் பெருச்சாளிகள் பாதி உடைப்பைத்தான் அடைத்தன. கோடை வருவதற்குள் ஏரி வெறும் சேறாகிவிட்டது. குட்டிகள் தாகத்தில் அழுதன. செங்கண்ணி பதறிப்போய்த் தண்ணீர் தேடி ஓடியது.

ஏரியின் நடுவே காட்டுப்பன்றி சேற்றைக் கிளறிக் கோரைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தது.

"தண்ணீர் இல்லாமல் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டது செங்கண்ணி.

"எனக்கென்ன, ஒரே ஓட்டத்தில் ஆற்றுக்குப் போய்விடுவேன். இத்தனை வருஷமாக இந்தக் கிழங்கு தண்ணீருக்கடியில் வீணாகக் கிடந்தது."

"அப்படியானால் வரியைப் பற்றி உங்களுக்கு ஏன் அத்தனை கவலை? உங்களுக்கு வளையே கிடையாதே."

"இதை அன்றைக்கே கேட்டிருக்கலாம். நீ ஆமையிடம் அல்லவா கேட்டுக்கொண்டிருந்தாய்" என்று சொல்லிவிட்டுப் பன்றி மறுபடி சேற்றில் மூக்கை நுழைத்தது.

செங்கண்ணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வளைக்குத் திரும்பி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு, வெயிலில் ஆற்றை நோக்கி நடந்தது. இன்னொன்றை அங்கேயே அழவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

நீதி: நம்மிடம் கேட்பவரைச் சந்தேகித்தால் மட்டும் போதாது, நமக்கு மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்பவரையும் சந்தேகிக்க வேண்டும்.