பதினாறு சென்டிமீட்டர் பாறை

"எட்டுத் தடவை பெயின்ட் அடிச்சாச்சு டீச்சர். பாறை இன்னும் தெர்மாகோலாத்தான் தெரியுது."

சுபேதார் துளுக்காணம் இதைச் சொன்னபோது காலை ஒன்பதரை. பதினொரு மணிக்குத் தனபாக்கியம் வந்துவிடுவாள்.

டீச்சரின் பட்டறை மேசைமேல் ஒரு பனிமலை உட்கார்ந்திருந்தது. இரண்டடிக்கு இரண்டடி. ஆறு மாதமாக அவரே கையால் செய்தது. தேயிலைச் சக்கையைக் காயவைத்து மண். தேங்காய் நாரைக் கத்தரித்துப் புல். சோடா மாவில் பசை கலந்து பனி. அந்தப் பனியில் கட்டைவிரல் உயரத்துக்குச் சிப்பாய்கள்.

ரிடையரான மனுஷன் சும்மா இருக்கக் கூடாதா என்று வீட்டில் திட்டினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. நிஜ மலையில் நடந்த சண்டையில் செத்துப்போன நாயக் முனிரத்தினத்துக்கு ஊரில் முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஒரு நினைவு அறை கட்டியிருந்தது. அறைக்கு நடுவில் வைக்கத்தான் இந்த மலை. முனிரத்தினத்தின் மனைவி தனபாக்கியம் வந்து பார்த்து, சரி என்று சொன்னால்தான் அது இங்கிருந்து நகரும்.

டீச்சர் எஸ்தருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மியூசியங்களுக்கு மாதிரி உருவங்கள் செய்து கொடுப்பவள்; அவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள். துளுக்காணத்துக்கு மகள் வயது. ஆனாலும் அவள் அறைக்குள் நுழைந்தால் அவர் குதிகால் இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அவள் பெயின்டைப் பார்க்கவே இல்லை. ஒரு சிப்பாயை எடுத்துப் பாறைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இந்த ஆள் என்ன உயரம்?"

"அஞ்சு சென்டிமீட்டர். முப்பத்தஞ்சுல ஒரு பங்கு. நீங்க சொன்ன அளவுதான்."

"பாறை?"

அவர் பிரஷ்ஷைத் துடைத்தார். அவளே ஸ்கேல் வைத்தாள்.

"பதினாறு. அப்படின்னா நிஜத்துல பதினெட்டடி. மூணு ஆள் உயரம். இருந்துச்சா?"

"மலைன்னா பெரிய பாறை இருக்காதா டீச்சர்?"

"மலையைக் கேக்கல. இந்தப் பாறையைக் கேக்கறேன்."

"பெருசா இருந்தா எடுப்பா இருக்கும்னு..."

"பூட்ஸ் லேசுக்கு நூல் தேடி நாலு கடை ஏறி எறங்கினீங்க. பெல்ட் அரை மில்லி அகலம் கூடிப்போச்சுன்னு என்கிட்டயே சண்டை போட்டீங்க. பாறைக்கு மட்டும் தனிக் கணக்கா? ஆளைப் பார்த்து அளவை மாத்த இது என்ன கல்யாணப் பந்தியா சார்?"

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் அவருடைய மீசையே பதில் சொல்லியிருக்கும்.

"முனிரத்தினம் பாறைக்கு அந்தப் பக்கம் விழுந்தான். நான் இந்தப் பக்கம். பாறை மறைச்சிடுச்சு. அவன் விழுந்ததையே நான் பார்க்கல. குண்டு பட்ட உடனே போயிட்டான்."

இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வருவது. முதன்முதலில் சொன்னது தனபாக்கியத்திடம்தான், அவள் வீட்டு வாசலில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல். வருஷா வருஷம் நினைவு நாளன்று அவள் கேட்பாள். வருஷா வருஷம் இவர் சொல்வார்.

டீச்சர் காதில் கதை விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"உயரம் எவ்வளவு சார்?"

"அதான் சொன்னேனே."

"மறைச்சிடுச்சுன்னு சொன்னீங்க. உயரம் சொல்லல."

அவருடைய வலது கை மெதுவாகக் கிளம்பி இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது.

டீச்சர் ஆக்சா பிளேடை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே அறுத்துடுங்க டீச்சர்."

"நான் அந்தப் பாறையைப் பார்த்ததில்லையே."

"அவ வந்து பார்ப்பா டீச்சர். இத்தனை வருஷமா அண்ணா அண்ணான்னு கூப்பிடுறா. அவ பொண்ணு கல்யாணத்துல தாய்மாமனா நின்னவன் நான்."

"அப்ப இப்படியே இருக்கட்டும். இன்னொரு கோட் அடிங்க."

சொல்லிவிட்டு அவள் பிரஷ்களை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். ஏன், என்ன என்று ஒரு கேள்வி கிடையாது.

துளுக்காணம் பெயின்ட் டப்பாவைத் திறந்தார். நல்ல சாம்பல் நிறம். பார்த்துக்கொண்டே நின்றார். மூடினார்.

பிளேடு பல் கூசும்படி கிறீச்சிட்டது. வெள்ளை மணிகள் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டன. தட்டினாலும் போகவில்லை. பதினாறு மூன்றானது.

இத்தனை நாள் பாறைக்குப் பின்னால் மறைந்திருந்த சிப்பாய் இப்போது வெளியே தெரிந்தான். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் குந்தியிருந்தான். அந்தப் பக்கம் கையை நீட்டியபடி ஒருவன் விழுந்து கிடந்தான். நடுவில் நாலு எட்டு தூரம்.

பதினொன்றாக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. தனபாக்கியம் வந்துவிட்டாள். பஸ் சீக்கிரமே கிடைத்துவிட்டதாம்.

டீச்சர் குழாயடியிலிருந்தே, "உள்ள வாங்கம்மா, உக்காருங்க" என்றாள். தனபாக்கியம் உட்காரவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மலைமேல் குனிந்தாள்.

"இது அவரா?"

"ஆமாம்மா."

"இது?"

"நான்."

அவள் விரல் விழுந்து கிடந்தவனிடமிருந்து கிளம்பியது. பாறைமேல் ஏறியது. குந்தியிருந்தவன் தலைக்கு வந்து நின்றது. அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"பாறை மறைச்சிடுச்சுன்னு சொன்னீங்களே அண்ணா."

"சொன்னேன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"உடனே போயிட்டாருன்னீங்க."

"இல்லம்மா. அரை மணி நேரம் இருந்தான்."

குழாயடியில் தண்ணீர் நின்றது.

"கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டான்."

தனபாக்கியம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரை?"

உன்னைத்தான் என்று சொல்லிவிடலாம். அவள் முகம் அதற்குத்தான் காத்துக் கிடந்தது. சொன்னால் யார் வந்து இல்லை என்பார்கள்?

"என்னைத்தாம்மா" என்றார் துளுக்காணம்.