துரு போகத் தேய்த்த கார்

மேலவலசைக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. முட்டாளுக்கு ஒரு வேலை சொன்னால் வேறொன்றைச் செய்வான். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படியில்லை, சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அதற்குமேல் சொந்தமாக எள்ளளவு யோசித்துக்கூட, சொன்னவரை அவமதிக்க மாட்டார்கள். ஆவுடையப்பன் சகோதரர்கள் பழைய காரைப் புதுசாக்கிய கதையைக் கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

அவர்கள் மூன்று பேர். மூத்தவர் ஆவுடையப்பன், நடுவில் பிரமநாயகம், கடைசி கைலாசம். ஒரே தங்கை செண்பகவல்லி. அவள் மகள் வடிவுக்குப் பக்கத்து ஊர் தளவாயைப் பேசி முடித்தார்கள். தளவாய் நல்ல பையன்தான். ஆனால் எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும் அவனுக்கும் ஒரு அப்பா இருப்பாரே. அவன் அப்பா சொரிமுத்து, நிச்சயத் தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில் தட்டை நீட்டாமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“எங்க குடும்பத்துல எவனும் நடந்துபோய்த் தாலி கட்டுனதில்ல. கோயில்லருந்து மண்டபம் வரைக்கும் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வேணும். வாடகைக் கார் ஆகாது, பொண்ணு வீட்டோட சொந்தக் காரா இருக்கணும். இல்லைன்னா என் பையன் மணவறை ஏறமாட்டான்” என்றார்.

இத்தனைக்கும் சொரிமுத்துவுக்குச் சொந்தமாக இருந்த ஒரே வாகனம் ஒரு சைக்கிள். அதிலும் சங்கிலி கிடையாது, தள்ளிக்கொண்டுதான் நடப்பார். கௌரவம் என்கிற சாமான் அப்படித்தான். தன் வீட்டில் இல்லாததைத்தான் அடுத்த வீட்டில் கேட்கும்.

செண்பகவல்லி அழுதுகொண்டே அண்ணன்மாரிடம் வந்தாள்.

“இந்தக் கல்யாணம் மட்டும் நின்னு போச்சோ, ஒங்க மூணு பேரு மூஞ்சியிலயும் நான் முழிக்க மாட்டேன்.”

“நீ ஏன் தாயி அழுத?” என்றார் ஆவுடையப்பன். “நம்ம அப்பா விட்டுட்டுப் போன பிளஷர் கார் நிக்கி. கையில காசு இல்லைன்னா என்ன, செல்போன் இருக்குல்லா?”

கார் என்று அவர்தான் சொன்னார். புறவாசலில் முருங்கை மரத்தடியில் நின்ற அதை நானும் பார்த்திருக்கிறேன். கார் வடிவத்தில் நிறைய துரு நின்றது. அதன் ஒரு சன்னல் வழியாக முருங்கைக் கிளை உள்ளே போய் மறு சன்னல் வழியாகக் காய்த்துக்கொண்டிருந்தது.

செல்போனில் ஒரு படம் கிடைத்தது. ‘பழைய காரை வீட்டிலேயே குறைந்த செலவில் புதுசாக்குவது எப்படி’ என்று கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் விளக்கினார். அவர் “வணக்கம்” என்றதும் மூவரும் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பதில் வணக்கம் வைத்தார்கள்.

“வண்டியை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம். வீட்டிலேயே வைத்து வேலையை ஆரம்பியுங்கள்” என்றார் கண்ணாடிக்காரர்.

கைலாசத்துக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. “அண்ணே, கார் புறவாசல்லல்லா நிக்கி? புறவாசல் வீட்டுல சேர்த்தியா?”

பிரமநாயகம் கண்ணை மூடி யோசித்தார். குடும்பத்தில் யோசிக்கிற வேலை அவருடையது. “மழை பேஞ்சா புறவாசல் நனையுது. வீடு நனையல. அப்ப ரெண்டும் வேற வேற.”

பின்பக்கச் சுவரை இடித்துக் காரை அடுக்களைக்குள் தள்ளினார்கள். ஆள் வைக்காமல் தாங்களே இடித்ததால் அந்தக் கூலி அப்படியே மிச்சம் என்று ஆவுடையப்பன் சந்தோஷப்பட்டார். அவர் பெண்சாதி அன்றிலிருந்து தெருவில் அடுப்பு மூட்டினாள். அந்த அம்மாள் அப்போது சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது.

அடுத்தது துரு. “ஒரு பொட்டுத் துருகூட மிச்சம் இருக்கக்கூடாது. போகிறவரைக்கும் விடாமல் தேய்க்க வேண்டும்” என்று உத்தரவு. மூன்று பேரும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு காரின் அடித்தளத்தில் உட்கார்ந்தார்கள்.

“அண்ணே, தேய்ச்ச இடத்துல ஓட்டை விழுந்து கீழ சிமெண்டுத் தரை தெரியுது” என்றார் கைலாசம்.

“அந்தத் தரையில துரு இருக்கா?”

“இல்லண்ணே.”

“அப்ப அந்த இடம் சுத்தமாயிட்டு. அடுத்த இடத்தைத் தேய்லே.”

இப்படியே தேய்த்ததில் அடித்தளம் முழுக்கச் சுத்தமாயிற்று. அதைத் தாங்கிய சட்டங்களும் சுத்தமாயின. தங்களைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாமல் போகவே, சக்கரங்கள் ஆளுக்கொரு மூலைக்கு உருண்டு போயின. கடைசியில் கூரையும் பக்கத் தகடுகளும் முன்மூஞ்சியும் மிஞ்சின. தேடிப் பார்த்தாலும் துரு இல்லை என்று பிரமநாயகம் பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் கிடையாது.

“புதுச் சாமான் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். ஒரு பழைய காரிலிருந்து கழற்றி மாட்டினாலே போதும்” என்றார் கண்ணாடிக்காரர் அடுத்தபடியாக.

“பழைய காருக்கு எங்கண்ணே போக?” என்றார் கைலாசம். “நம்ம ஊர்லயே கார் வச்சிருக்கது நாம மட்டுந்தான்.”

ஆவுடையப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “நம்மகிட்ட இருக்கது பழைய காரா, புதுக் காரா?”

“பழசுதான்.”

“பின்னே? அடுத்தவன்கிட்டப் போய் ஏன் பல்லைக் காட்டணும்?”

தங்கள் காரின் முன்விளக்கைக் காலையில் கழற்றினார்கள். சாயங்காலம் அதைத் தங்கள் காரிலேயே மாட்டினார்கள். மாட்டி முடித்ததும் மூவரும் அசந்து போனார்கள்.

“பாத்தியாலே, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி பொருந்துது!”

“திருகாணி ஓட்டைகூட நேருக்கு நேரா இருக்குண்ணே.”

“கண்ணாடியிலதான் ஒரு கீறல் கிடக்கு” என்றார் பிரமநாயகம்.

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமாலே? விடு.”

ஹாரன், கண்ணாடி, ஸ்டியரிங் எல்லாவற்றையும் இதே மாதிரி சல்லிக்காசு செலவில்லாமல் மாற்றிவிட்டார்கள்.

வண்டியின் தேவையில்லாத கனத்தைக் குறைத்தால் பெட்ரோல் செலவு குறையும் என்று அடுத்த யோசனை வந்தது. எது ரொம்பக் கனம் என்று பார்த்தால் இஞ்சின்தான் கனம். சட்டங்கள் போன பிறகு அது தனியாகத் தரையில் குந்தியிருந்தது.

“கனமும் இதுதான், பெட்ரோலைக் குடிக்கதும் இதுதான்” என்றார் பிரமநாயகம். “ஒக்காந்து தின்னு குடும்பத்தைக் கெடுக்க தடியனை எவனாவது வீட்டுல வச்சுக்கிடுவானா?”

பழைய இரும்புக்காரரிடம் இஞ்சினைப் போட்டார்கள். அவர் பேரீச்சம்பழம் கொடுத்தார். கொட்டையைத் துப்பியபடி மூவரும் காரைச் சுற்றி உட்கார்ந்து, இனிமேல் சொட்டுப் பெட்ரோல் செலவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

கதவு ஆடக்கூடாது, எந்தக் காரணத்துக்கும் கழன்று விழக்கூடாது என்று கண்ணாடிக்காரர் சொன்னதற்காக, கதவுகளைச் சுற்றிலும் வெல்டிங் வைத்துவிட்டார்கள். கதவுகள் ஆடவில்லை, விழவில்லை, திறக்கவுமில்லை. வர்ணத்துக்கு என்ன செய்வது என்று பார்த்தபோது, பிள்ளையார் கோயில் மதில்சுவருக்கு அடித்ததில் காவியும் வெள்ளையும் மிச்சம் இருந்தது. மதிலில் இருந்த மாதிரியே காரிலும் பட்டை பட்டையாக அடித்து, காய்வதற்காகத் தெருவில் தூக்கி வைத்தார்கள். அந்தப் பக்கமாக வந்த வெளியூர்க்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காரைச் சுற்றி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

கல்யாண நாளும் வந்தது. கோயில் வாசலில் மேளமும் நாதசுரமும் தயாராக நின்றன. தளவாய் பட்டு வேட்டியும் மாலையுமாகக் காரைச் சுற்றி வந்தான். உள்ளே போக வழி தெரியவில்லை.

“இதுக்கு எங்கன ஏற, மாமா?”

“நீங்க ஏற வேண்டாம் மாப்ள. நின்ன இடத்துல நில்லுங்க. காரே ஒங்ககிட்ட வரும்” என்றார் ஆவுடையப்பன்.

கோழியைப் பஞ்சாரத்தால் கவிழ்க்கிற மாதிரி, மூவரும் காரைத் தூக்கி மாப்பிள்ளை மேல் கவிழ்த்தார்கள். சொரிமுத்து குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். குறை சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருந்தார், ஆனால் சொந்தக் கார் என்றதும் மனிதருக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

“பெட்ரோல் வாடையே இல்லையே சம்பந்தி! என்ன மைலேஜ் குடுக்கு?”

“ஆளுக்கு நாலு இட்லி போட்டா ரெண்டு தெரு ஓடும்.”

“பரவாயில்லையே” என்று சொல்லிவிட்டு அவரும் உள்ளே நுழைந்து காலியாக இருந்த நாலாவது மூலையைத் தோளில் வாங்கிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்தடவையாகக் காரில் போகிற பூரிப்பில் அவருக்குத் தோள் வலி தெரியவில்லை. கார் புறப்பட்டது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு ஒரு கோயில் மதில் பத்துக் காலில் நடந்துபோவது தெரிந்தது.

“மாமா, நான் நடந்துதானே வாரேன்?” என்று உள்ளே தளவாயின் குரல் கேட்டது.

“கார் ஓடும்போது உள்ள இருக்கவங்க நின்னா எப்படி மாப்ள? விழுந்திருவீங்க” என்றார் பிரமநாயகம்.

வழியில் ஒரு வேகத்தடை வந்தது. கார் அடிபடக்கூடாதே என்று நால்வரும் காரைத் தலைக்குமேல் உயர்த்தினார்கள். தளவாய் நல்ல பையன் என்று முதலிலேயே சொன்னேன். அவன் அந்த இடைவெளியில் வெளியே வந்து, பக்கத்து முடுக்கு வழியாக மண்டபத்துக்குப் போய், முகம் கழுவிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்துவிட்டான்.

மண்டபத்து வாசலில் செண்பகவல்லி ஆரத்தித் தட்டோடு நின்றாள். காரைத் தூக்கினார்கள். உள்ளே மாப்பிள்ளை இல்லை. அவள் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

“அண்ணே, மாப்பிள்ளையை எங்க தொலைச்சீங்க? முகூர்த்தம் போகப் போகுதே! என் பிள்ளை வாழ்க்கை போச்சே!”

“அத்தை, நான் இங்கன இருக்கேன்!” என்று மணவறையிலிருந்து தளவாய் கத்தினான்.

“நீ சும்மா இருலே!” என்று சொரிமுத்து அவனை அதட்டினார். “மாப்பிள்ளை கார்லதான் வருவான். கார்லருந்து நீ இறங்குனதை நான் பாக்கல. மாப்பிள்ளை இன்னும் வந்து சேரல.”

பிரமநாயகம் கண்ணை மூடினார்.

“வெளங்கிட்டு” என்று கண்ணைத் திறந்தார். “ஏறும்போது மாப்பிள்ளை இருந்தாரு. இப்ப இல்ல. கார் அத்தனை வேகம் ஓடியிருக்கு. பாவம், அவரால ஈடுகொடுக்க முடியாம பின்தங்கிட்டாரு.”

“இஞ்சினை எடுத்ததுல வேகம் கூடிட்டுண்ணே” என்றார் கைலாசம்.

“நல்ல காருக்கு இதுதான் தொந்தரவு” என்றார் சொரிமுத்து, அதிலும் ஒரு பெருமையோடு. “திரும்பிப் போய் ஏத்திட்டு வருவோம். இந்தத் தடவை பிரேக் இல்லாம நான் வரமாட்டேன்.”

பிரேக்குக்கும் செலவில்லாத வழி கண்டுபிடித்தார்கள். நால்வரில் கைலாசம்தான் பலசாலி. மற்ற மூன்று பேரும் காரை முன்பக்கம் இழுப்பது, கைலாசம் பின்னால் நின்று தன் பலத்தையெல்லாம் கூட்டிப் பின்பக்கம் இழுப்பது என்று ஏற்பாடு. நால்வரும் காருக்குள் புகுந்து மாப்பிள்ளையைத் தேடப் புறப்பட்டார்கள்.

வடிவு மணவறையிலிருந்து வாசலை எட்டிப் பார்த்தாள். “அம்மா, அவங்க திரும்பி வாரதுக்குள்ள கட்டச் சொல்லு” என்றாள். கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. செண்பகவல்லி இப்போது சிரித்துக்கொண்டே அழுதாள். நான்கூட அட்சதை போட்டேன். பந்தி நடந்தது, பாயசம் பிரமாதம். பொண்ணும் மாப்பிள்ளையும் எல்லோர் காலிலும் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் ஏறி மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பினார்கள்.

பஸ் மண்டபத்தைத் தாண்டும் இடத்தில் வழியை மறித்து அந்தக் கார் நின்றது. மண்டபத்து வாழைமரத்துக்கும் அதற்கும் கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம்தான். ஆறு கால்கள் முன்பக்கமாகவும் இரண்டு கால்கள் பின்பக்கமாகவும் புழுதி பறக்க மிதித்துக்கொண்டிருந்தன.

டிரைவர் ஒதுங்கி வளைத்துப் போகும்போது தளவாய் சன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “மாமா! அப்பா! தாலி கட்டியாச்சு. வெளிய வாங்க, பஸ்ல ஏறுங்க!”

“யாரு, மாப்பிள்ளையா?” என்று காருக்குள்ளிருந்து ஆவுடையப்பன் மூச்சு வாங்கியபடி கத்தினார். “நீங்க முன்னால போயிட்டே இருங்க மாப்ள! அடுத்த ஸ்டாப்புக்குள்ள ஒங்க பஸ்ஸை முந்திருதோம்!”

அவர் சொல்லி முடிப்பதற்குள் சொரிமுத்துவின் நடுங்கிய குரல் கேட்டது. “வேண்டாம் சம்பந்தி, கொஞ்சம் மெதுவாப் போங்க. இந்த வேகத்துக்கே எனக்குத் தலை சுத்துது.”