தீர்ப்பு வரட்டும்

மடத்துச் சீடர்களில் ரத்தினசபாபதிதான் மூத்தவர். குரு தாண்டவரைவிடவே பத்து வயது மூத்தவர். பங்குச் சந்தையில் பழம் தின்று கொட்டை போட்ட மனுஷன். அன்று நல்ல சேதியோடுதான் வந்தார். முகம்தான் இழவு வீடு மாதிரி இருந்தது.

“சாமி, அந்த பேங்க் கேஸ் ஜெயிச்சிருச்சு.”

“எந்தக் கேஸ்?”

“நொடிச்சுப்போன சின்ன பேங்குகளை எடுத்து நடத்துங்க, சலுகை தர்றோம்னு அரசாங்கம் சொல்லிச்சு. ஒரு பெரிய பேங்க் நம்பி எடுத்துச்சு. பாதியில சட்டத்தை மாத்திட்டாங்க. பேங்க் நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு. எல்லாரும் அந்த பேங்க் பங்கை வித்துட்டு ஓடினப்ப நான் வாங்கினேன். நியாயம் பேங்க் பக்கம், பணம் வந்தே தீரும்னு கணக்குப் போட்டேன். கணக்கு தப்பல.”

“வாங்கறதுக்குப் பணம்?”

“அங்கயற்கண்ணியோட சீதன மனையை வித்தேன்.”

அங்கயற்கண்ணி அவர் மனைவி. போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“அவங்க சம்மதிச்சாங்களா?”

“வர்ற தைக்குள்ள வேற மனை வாங்கி வீடு கட்டித் தர்றேன்னு வாக்குக் கொடுத்தேன். அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டா. புது வீட்டுல பால் காய்ச்சன்னு அன்னிக்கே ஒரு பித்தளைப் பாத்திரம் வாங்கிட்டு வந்தா.”

தை வந்தது, போனது. அவள் கேட்டபோதெல்லாம், ‘தீர்ப்பு வரட்டும்’ என்றார். தீர்ப்பு வந்தது, அரசாங்கம் அப்பீலுக்குப் போனது. ‘அதுவும் முடியட்டும்’ என்றார். பிறகு அந்த அம்மாள் கேட்பதையே விட்டுவிட்டாள். வாடகை வீட்டுப் பரணில் பாத்திரம் கிடந்தது.

“அந்தப் பாத்திரம் இப்ப எங்கே?” என்றார் குரு.



“சுடுகாட்டுல பால் தெளிக்க அதுலதான் கொண்டுபோனோம், சாமி. அவசரத்துக்கு வேற எதுவும் கைக்கு அகப்படல.”



துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார் சபாபதி.

“வர்ற பணத்துல அவ பேர்ல மடத்துக்கு ஒரு மண்டபம் கட்டித் தர்றேன்.”

“வேண்டாம்.”

“நியாயம் ஜெயிச்சிருக்கு. ஆனா என் மனசு ஆறலையே, ஏன் சாமி?”

குரு அவரை ஏறிட்டுப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை.

“அரசாங்கம் கொடுத்த வாக்கை மாத்திச்சு, பேங்க் கோர்ட்டுக்குப் போச்சு. நீங்க மாத்தினப்ப அந்த அம்மா எங்கே போயிருக்க முடியும்?”