கட்டியவன் சொல்

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், தூக்கணாங்குருவிகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆண் குருவி கூட்டை முழுதாகக் கட்டி முடித்து, "தாங்கும்" என்பான். பெண் உள்ளே போய் முட்டையிடுவாள். கட்டியவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கூட்டை இழுத்துப் பார்ப்பது அவன் முகத்தில் அறைவதற்குச் சமம்.

கிணற்றோரப் பனையில் முடியன் என்றொரு ஆண் குருவி இருந்தான். எட்டு மழை கண்டவன். அவன் கட்டிய கூடு ஒன்றுகூட விழுந்ததில்லை. அதை அவனே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். ஒன்பதாம் மழைக்கு ஓலையில் நார் சுற்றும்போது அலகு வலித்தது. ஏழு சுற்றுச் சுற்றிவிட்டதாகத்தான் நினைத்தான். சுற்றியது நாலு.

பக்கத்து ஓலையில் சிட்டன் என்ற இளவட்டம் முதன்முதலாகக் கூடு கட்டினான்.

"என்னுது தேறாது பெரியப்பா. எனக்கே பயமா இருக்கு."

"பாத்தாலே தெரியுதே!" என்று சிரித்தான் முடியன்.

அவன் மனைவி செம்பிக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு தடவ இழுத்துப் பாக்கட்டுமாங்க? முடிச்சு தளர்ந்தாப்புல இருக்கு."

"இத்தன வருசமா யாரு கட்டின கூட்டுல குஞ்சு பொரிச்ச? என் வேல எனக்குத் தெரியாதா?"

செம்பி உள்ளே போய் முட்டையிட்டாள். மூன்று குஞ்சுகள் பொரித்தன. அவற்றுக்கு இறகு முளைக்கும் முன்பே ஒரு மாலையில் பெருங்காற்று அடித்தது. இரை தேடப் போன இருவரும் பதறித் திரும்பியபோது, சிட்டனின் கூடு ஓலையில் பத்திரமாக ஆடிக்கொண்டிருந்தது. முடியனின் கூடு கிணற்றுத் தண்ணீரில் மிதந்தது. குஞ்சுகளின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

சிட்டன் தன் கூட்டையே நம்ப முடியாமல் பார்த்தான். முடியன் ஓலையில் மிச்சமிருந்த சுற்றுகளை எண்ணினான். நாலு. மறுபடியும் எண்ணினான்.

"நான் ஏழு சுத்தினேன் செம்பி. சத்தியமா ஏழு."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. ஓவென்று அழுதாள்.

அடுத்த மழைக்கு முடியன் பாதிக் கூட்டோடு நிறுத்திவிட்டு, இறக்கையை அடித்து அவளைக் கூப்பிட்டான். "வா, இழுத்துப் பாரு. எனக்கு நல்லாத்தான் தோணுது. ஆனா அன்னிக்கும் அப்படித்தானே தோணுச்சு."

செம்பி அலகால் பற்றி இழுத்தாள். பறந்து போய்த் தள்ளி உட்கார்ந்தாள். அவன் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஓலைக்குப் போனான்.

அன்று முதல்தான் கிழவனானாலும் இளவட்டமானாலும் ஆண் தூக்கணாங்குருவி பாதியில் நிறுத்திப் பெண்ணைக் கூப்பிடுகிறான். பனையில் காலியாக ஆடும் பாதிக் கூடுகளெல்லாம் கட்டியவனுக்கு நல்லதாகத் தோன்றியவைதான்.