குதிரைக்குப் பயிற்சி கொடுத்த குரங்கு

துடுக்கன் என்ற குரங்கு தரையில் கால் வைத்தே பல நாள் ஆகிவிட்டது. செவலை என்ற மட்டக்குதிரையின் முதுகில் ஏறி உட்கார்ந்தால் மூங்கில் காடு முழுக்கச் சுற்றி வந்துவிடலாம். பிறகு எதற்கு நடப்பது? வலது காலை மடித்துக் குதிரையின் முதுகிலேயே வைத்துக்கொள்ளும். இடது கால் மட்டும் தொங்கும். மடித்த காலின் மேல் அத்திப்பழங்களைக் குவித்து ஒவ்வொன்றாக வாயில் போடும். மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றது போங்கள்!

மரம் ஏறி ஆறு மாதம் இருக்கும். தொப்பை வேறு போட்டுவிட்டது. யாராவது கேட்டால், "சவாரி செய்யறவன் எதுக்கு மரம் ஏறணும்? ஓடறது குதிரைதானே!" என்று பல்லைக் காட்டும்.

அந்தக் கோடையில் அந்தச் சிரிப்பு அடங்கியது. காட்டில் இருந்த ஒரே சுனை வற்றத் தொடங்கியது. புல்வெளியைத் தாண்டினால் பெரிய ஏரி உண்டு. அது எந்தக் கோடையிலும் வற்றாது. ஆனால் அந்தப் புல்வெளியில் செந்நாய்க் கூட்டம் ஒன்று பதுங்கியிருந்தது. புல்லோ குதிரையின் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. உள்ளே நுழைந்தால் செவலைக்கு மூக்குக்கு முன்னால் இருப்பது கூடத் தெரியாது. துடுக்கன் தனியாகப் போகலாம் என்றால், வழியில் ஏறித் தப்ப ஒரு மரம் கிடையாது.

"உனக்குக் கால் இருக்கு, எனக்குக் கண் இருக்கு" என்றது துடுக்கன். "நான் மேலேயிருந்து வழி சொல்றேன். நீ ஓடு!"

"சரிடா, ஏறு" என்றது செவலை. அது எப்போதும் அதிகம் பேசாது.

பாதித் தூரம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு பெரிய கரையான் புற்றின் அருகே இடப்பக்கம் புல் சலசலத்தது. செந்நிற முதுகுகள் தெரிந்தன.

"வலப்பக்கம்! வலப்பக்கம் திரும்பு!" என்று அலறியது துடுக்கன்.

செவலை சட்டென்று திரும்பியது. துடுக்கன் திரும்பவில்லை! அது இடப்பக்கமாகச் சரிந்து, பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு மூட்டை போலத் தொங்கியது. அந்த இழுப்பில் செவலையின் முன்னங்கால் மடங்கியது. எழுந்து, வந்த வழியே திரும்பி ஓடுவதற்குள் செந்நாய்த் தலைவன் செவலையின் வாலில் ஒரு கொத்து மயிரைப் பிடுங்கிவிட்டது.

மூங்கில் காட்டுக்குள் வந்து சேர்ந்ததும் துடுக்கனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு திருப்பத்துக்கே இப்படிக் கால் மடங்கினா எப்படி? உன் உடம்புல வலு இல்ல! நாளையிலேர்ந்து பயிற்சி! பாறை மேட்டுல பத்துத் தடவை ஏறி இறங்கணும்!"

மறுநாள் செவலை பத்து முறை ஏறி இறங்கியது. அடுத்த நாள் இருபது. துடுக்கன் அதன் முதுகில் வழக்கம்போலக் காலை மடித்து உட்கார்ந்தபடி, "வேகம்! வேகம்!" என்று கத்தியது. சுனையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. இன்னும் ஐந்து நாளைக்குக் கூடத் தாங்காது.

மூன்றாம் நாள் துடுக்கன் முதுகில் தாவியபோது செவலை வலியில் துடித்து ஒதுங்கியது.

மூங்கில் நுனியிலிருந்து ஒரு கரிச்சான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏரிக்கரைக் காட்டெருமைகளின் முதுகில் சவாரி செய்யும் பறவை அது. கீழே இறங்கி வந்து செவலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

"புண்ணாயிருக்கே!" என்றது.

"வலு இல்லாத உடம்பு. அதான் புண் வருது" என்றது துடுக்கன்.

"வலு இல்லாட்டி ரெண்டு பக்கமும்ல வரணும்? இதுக்கு இடப்பக்கம் மட்டும் இருக்கு. இந்தப் பக்கம் மட்டும் ஏதோ அழுத்திக்கிட்டே இருந்திருக்கு. என்னன்னு நீயே சொல்லேன்!"

துடுக்கனுக்குச் சுருக்கென்றது. "நான் நேராத்தான் உட்கார்றேன்!"

"அப்படியா? அந்த வலது காலை மட்டும் ஊன்றி நில்லு பார்ப்போம். நான் பத்து எண்ணறேன்."

துடுக்கன் அலட்சியமாக நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. கால் நடுங்கியது. நான்கு என்பதற்குள் தொப்பென்று புழுதியில் விழுந்தது. மடித்தே வைத்திருந்த கால் அது. ஆறு மாதத்தில் அதில் சதை இருந்ததே தவிர, சக்தி இல்லை. அதனால்தான் துடுக்கனின் பாரமெல்லாம் எப்போதும் இடப்பக்கமே சாய்ந்தது.

துடுக்கன் அந்தக் காலைத் தடவிப் பார்த்தது. இரண்டு நாளாகப் பாறை மேட்டில் அது கத்தியதெல்லாம் அதன் காதிலேயே திரும்பக் கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"செவலை, ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன்டா. நீ கத்திக்கிட்டே இருந்தே."

துடுக்கன் போய்ப் பச்சிலை பறித்து வந்தது. துத்தி இலையை மென்று புண்ணில் அப்பியது. "நீ படு. இனிமே பயிற்சி எனக்கு" என்றது.

காட்டில் செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? ஆளாளுக்கு அறிவுரை சொல்ல வந்துவிட்டார்கள். தவளை பஸ்கி எடுக்கச் சொன்னது. ஓணான் தண்டால் எடுத்தே காட்டியது. "கைக்கு வலு ஏத்து, பிடரியை விடாம பிடிச்சுக்கலாம்" என்றது வௌவால்.

"கையை நம்பித்தான் அன்னிக்குத் தொங்கினே" என்றது கரிச்சான். "எனக்குக் கை இருக்கா? எருமை ஓடினாலும் உதறினாலும் நான் விழறேனா? காலும் இடுப்பும்தான் சவாரி. கையைத் தலை மேல வை!"

இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு மூங்கில் வளைந்து கிடந்தது. துடுக்கன் அதன் மேல் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தது. ஒவ்வொரு முழங்காலுக்கும் மூங்கிலுக்கும் நடுவே ஓர் ஆலிலை. இலை விழாமல் உட்கார வேண்டும். ஐந்து மலை அணில்கள் மூங்கில் நுனியில் குதித்துக் குதித்து ஆட்டின. அந்த வேலை அவற்றுக்கு ரொம்பப் பிடித்துப்போனது!

முதல் நாள் நாற்பது முறை விழுந்தது துடுக்கன். ஒவ்வொரு முறையும் முதலில் விழுந்தது வலப்பக்கத்து இலைதான். இரண்டாம் நாள் தொடை இரண்டும் நெருப்பாக எரிந்தன. ஒற்றைக் காலில் நின்றது, மரம் ஏறியது, மறுபடி மூங்கிலில் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அணில்கள் களைத்துப் போய்க் குதிப்பதை நிறுத்தின. இரண்டு இலையும் இருந்த இடத்திலேயே இருந்தன.

மறுநாள் காலையில் சுனையில் சேறுதான் மிச்சம். செவலையின் நாக்கு வறண்டு வெளியே தொங்கியது. கரிச்சான் படபடவென்று பறந்து வந்தது.

"செந்நாய்கள் பேசினதைக் கேட்டேன்! அந்தப் புற்றுகிட்ட வலப்பக்கம் திரும்பித்தானே ஏரிக்குப் போகணும்? நேரா போனா முள்காடு. திரும்பறப்ப குரங்கு இடப்பக்கம் தானா விழும்னு தலைவன் அங்கேயே வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. மத்ததெல்லாம் பின்னாலேர்ந்து விரட்டப் போகுதாம்!"

துடுக்கன் செவலையைப் பார்த்தது.

"அப்ப நீ விழாம இரு" என்றது செவலை. அவ்வளவுதான்.

புண் ஆறியிருந்தது. துடுக்கன் இரண்டு ஆலிலைகளைப் பறித்து முழங்கால்களுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. செவலை புல்லுக்குள் பாய்ந்தது.

பின்னால் ஊளை கேட்டது. ஒன்று, இரண்டு, எட்டு! புல் இருபுறமும் பிளந்துகொண்டு வந்தது. புற்று நெருங்கியது. அதன் இடப்பக்கம் இரண்டு காதுகள் அசையாமல் நின்றன.

"திரும்பு!" என்று கத்தியது துடுக்கன்.

செவலை ஒரு கணம் தயங்கியது. "இங்கதானே அன்னிக்கு..."

"திரும்பு! நான் விழமாட்டேன்!"

செவலை வலப்பக்கம் திரும்பியது. துடுக்கனின் வலது கால் இறுகியது. எரிந்தது, நடுங்கியது, ஆனால் விடவில்லை. குதிரையோடு சேர்ந்து அதன் இடுப்பும் திரும்பியது. தலைவன் குரங்கு விழும் இடத்தைப் பார்த்துப் பாய்ந்தது. அங்கே குரங்கு இல்லை! வெறுங்காற்றைக் கவ்விக்கொண்டு புற்றில் போய் மோதியது.

அப்போதுதான் துடுக்கன் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. செவலை வேகத்தைக் குறைத்தது!

ஒவ்வொரு திருப்பத்திலும் முதுகை இழுக்கும் சுமையை இந்த முறை அது உணரவில்லை. முதுகு லேசாக இருந்தது.

"துடுக்கா! விழுந்துட்டியா? எங்கடா இருக்கே?" என்று பதறியபடி, நாய்கள் வந்த பக்கமே திரும்பப் பார்த்தது.

துடுக்கனுக்கு உயிரே போய்விட்டது. "திரும்பாதே! உன் மேலதான் இருக்கேன்! ஓடு, செவலை, ஓடு!"

செவலை காற்றாய்ப் பறந்தது. புல் முடிந்தது. ஏரி பளபளத்தது. கரையில் நின்ற காட்டெருமைகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் வந்தன. அதைப் பார்த்த செந்நாய்கள் உறுமிவிட்டுப் பின்வாங்கின.

செவலை தண்ணீரில் முகத்தைப் புதைத்துக் குடித்தது. துடுக்கன் மெல்ல இறங்கியது. நிற்க முடியவில்லை, கால் இரண்டும் தள்ளாடின. குதிரையின் வியர்வையில் ஆலிலை இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

"செவலை, நான் விழுந்திருந்தா அந்த நாய்ங்க நடுவுல திரும்பி வந்திருப்பியா?"

"பின்னே?" என்று சொல்லிவிட்டுச் செவலை மறுபடி குடிக்கத் தொடங்கியது.

அன்று துடுக்கன் அழுதது. யாரும் பார்க்காதபடி முகத்தைத் தண்ணீரில் கழுவிக்கொண்டது. அதற்குப் பிறகு அது செவலையின் முதுகில் காலை மடித்து உட்காரவே இல்லை.

நம்மைச் சுமக்கிறவரின் வலுவைக் குறை சொல்வதற்கு முன், மேலே உட்கார்ந்திருக்கும் நாம் நேராக உட்காரப் பழக வேண்டும்.