சிவப்புத் துண்டு

ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தாரு. கூட்டம்னாலே அவருக்கு அப்படி ஒரு பயம். ஏன்னு கேளு. 'ம்' சொன்னாத்தான் கதை நகரும்.

"ம்."

அவரு சின்னப் பையனா இருந்தப்போ, திருத்தணி ஆடிக் கிருத்திகைல தொலைஞ்சு போயிட்டாரு. பம்பை டமடமன்னு அடிக்குது, எங்க பாத்தாலும் காவடி. அம்மா கை எப்ப நழுவுச்சுன்னே தெரியல. அப்புறம் மைக்குல, "பச்சை டவுசர் போட்ட பையன் அழுதுட்டு இருக்கான், பெத்தவங்க வரவும்"னு கத்திக் கத்தி, சாயங்காலமாத்தான் அவங்கம்மா வந்தாங்க. டவுசர் போய் பேன்ட் வந்துச்சு, பயம் மட்டும் போகல.

அப்புறம் அவரு ராணிப்பேட்டைல தோல் வேலை கத்துக்கிட்டு, பொண்டாட்டி, அஞ்சு வயசுப் பாப்பாவோட அர்ஜென்டினாவுக்கு வேலைக்குப் போனாரு. கூட்டத்துக்குப் பயந்த மனுஷன் போய்ச் சேந்த இடத்தப் பாரு! அந்த ஊருக்காரங்களுக்குத் தெருவுல இறங்கினாத் திருவிழா!

மொதல்ல ஒரு நாள், பந்து விளையாட்டுல அவங்க ஜெயிச்சுட்டாங்க. அவ்ளோதான், ஊரே ரோட்டுல. டும் டும்னு மேளம், மாடியில நின்னு கிழவிங்க எல்லாம் டங் டங்குனு பாத்திரத்தைத் தட்டுறாங்க. பாப்பா, "போலாம்ப்பா, போலாம்ப்பா"ன்னு குதிக்குது. அப்போ அவரு என்ன பண்ணாரு? தன்னோட சிவப்புத் துண்டை எடுத்து, ஒரு முனைய தன் கைல கட்டி, இன்னொரு முனைய பாப்பா கைல கட்டிட்டாரு. ஆட்டுக்குட்டிய சந்தைக்கு ஓட்டிட்டுப் போற மாதிரி போனாங்க. சிரிக்காதடா, நெசமாத்தான்! அங்க முன்னப் பின்னத் தெரியாத ஒரு தாத்தா அவரக் கட்டிப் பிடிச்சு, ஓன்னு அழுதாரு. சந்தோஷத்துல! இப்படியும் ஒரு ஊரு சேந்து சந்தோஷப்படுமான்னு அவருக்கு ஒரே ஆச்சரியம்.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம் ரெண்டாவது, திராட்சைத் திருவிழா. அலங்கரிச்ச வண்டி வண்டியா வருது, மேல கிரீடம் வெச்ச பொண்ணுங்க. திராட்சைக் கொத்த அள்ளி ஜனங்க மேல வீசுறாங்க. பொத் பொத்துனு விழுது, எல்லாரும் ரெண்டு கையாலயும் புடிக்கிறாங்க. பாப்பாவுக்குத்தான் ஒரு கை துண்டுல மாட்டிக்கிச்சே! ஒண்ணு கூடப் புடிக்க முடியல. வீட்டுக்கு வந்து அவங்கம்மா மடியில விழுந்து, "அடுத்த தடவ கட்ட வேணாம்னு சொல்லும்மா"ன்னு தேம்பித் தேம்பி அழுதுச்சு. அம்மாவுக்கு வந்துச்சே கோவம்! "கொழந்தைய வேடிக்கை பாக்கக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல ஜெயிலுக்கா?"ன்னு கேட்டா. கேக்க வேண்டியதுதானே?

"ம்."

அப்புறம் மூணாவதா வந்துச்சு கார்னிவல். கடற்கரை ரோட்டுல, வெயில் தாழ்ந்த நேரம். அம்மா வயித்துல குட்டிப் பாப்பா இருந்துச்சு, அவ போகல. அன்னைக்கு அவரு துண்டைக் கட்டல. தோள்ல போட்டுக்கிட்டு, பாப்பா கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. அடேயப்பா, என்னா ஆட்டம்! ஆளுயரத்துக்கு மயிலிறகு, ஜிலுஜிலுன்னு சட்டை, நூறு மேளம் ஒரே அடி. தண்டட தண்டட தம்! பாத்துக்கிட்டே நின்னாரு. பயமே மறந்து போச்சு.

அப்போ, பக்கத்துல எங்கயோ கைதட்ட ஆரம்பிச்சாங்க. டப், டப், டப். சுத்தி எல்லாரும் தட்டுறாங்க. ஆட்டத்துக்குத்தான் தட்டுறாங்கன்னு இவரும் தட்டினாரு. நல்லா, ரெண்டு கையாலயும் தட்டினாரு.

ரெண்டு கையாலயும்.

அப்போ பாப்பா கை எங்க? அது எப்பவோ நழுவிப் போயிருக்கு, ஆட்டத்துல அவரு கவனிக்கவே இல்ல.

குனிஞ்சு பாத்தா, பாப்பா இல்ல. "பாப்பா! பாப்பா!"ன்னு கத்துறாரு. கைதட்டுற சத்தத்துல அவரு குரல் அவருக்கே கேக்கல. இந்தப் பக்கம் ஓடுறாரு, அந்தப் பக்கம் ஓடுறாரு. அந்த ஊர்ப் பாஷை வாயில வரவே மாட்டேங்குது. திருத்தணிப் பையன் மாதிரியே அழுதுட்டாரு. மைக்கு வெச்சுக் கூப்பிடவும் யாரும் இல்ல.

அப்போ பலூன் விக்கிற ஒரு அம்மா அவரு தோளத் தொட்டாங்க. தன் காதுல கைய வெச்சுக் காமிச்சாங்க: 'அழாத, கேளு.' அப்புறம் சத்தம் எங்க பலமா இருக்கோ அந்தப் பக்கம் விரல நீட்டினாங்க.

அது ஆட்டத்துக்குத் தட்டின கை இல்லடா தங்கம். அங்க கொழந்தை தொலைஞ்சா, யாராவது தூக்கித் தோள்ல வெச்சுக்குவாங்க. சுத்தி இருக்கிறவங்க எல்லாம் கைதட்டுவாங்க. பெத்தவங்க வர வரைக்கும் நிறுத்தவே மாட்டாங்க.

சத்தத்தப் புடிச்சுக்கிட்டே ஓடினாரு. டப் டப் டப்! அதோ, தென்னை மரம் மாதிரி ஒருத்தன் தோள் மேல பாப்பா! அதுவும் ஜோரா கைதட்டிக்கிட்டு இருக்கு! இவரு போய் வாங்கிக்கிட்டதும் எல்லாரும் 'ஹோ'ன்னாங்க. நன்றி சொல்லத் தெரியாம கையெடுத்துக் கும்பிட்டாரு. அவங்க சிரிச்சுட்டு, திரும்பி ஆட்டம் பாக்கப் போயிட்டாங்க. அந்தச் சிவப்புத் துண்டு முகம் துடைக்கத்தான் ஒதவுச்சு.

அந்த ஜனத்த நெனச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு நெறஞ்சு போகுது. அதனால பரிதி, நாளைக்கு மொத மொதல்ல கார்னிவலுக்குப் போறோமேன்னு பயப்படாத. கதை வீடு வந்து சேந்துடுச்சு, நீயும் தூக்கத்துக்குப் போய்ச் சேரு.

...என்னடா அது, போர்வைக்குள்ள? கைதட்டிப் பாக்குறியா? டப், டப்...

அய்யோ, பாருடா! சாப்பிட்ட கைய கூடக் கழுவாம யாரு ஓடி வராங்கன்னு!

ஒண்ணும் இல்லைங்க. உங்க புள்ள தொலையல, இங்கதான் இருக்கான். நீங்க போய்ச் சாப்பிடுங்க.