இரண்டாவது வரி

“காணாமப்போன செல்போனை எடுத்தது அந்தப் பொண்ணு சித்ரகலாதான். நிரூபிச்சுட்டேன் டீச்சர்,” என்றார் ஞானதுரை.

அவர் பள்ளியின் தலைமையாசிரியர். வரலாறு படித்தவர். ஐம்பத்தைந்து வயதில் முக்கோணவியல் மேல் பைத்தியம் பிடித்து, தன் பள்ளியிலேயே கணக்கு சொல்லித்தரும் இளம் ஆசிரியை மெஹருன்னிசாவிடம் மாலையில் பாடம் கேட்டுவந்தார். பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை அதிகாரி. அடித்த பிறகு சிஷ்யன்.

“டி.சி. எழுதிட்டீங்களா சார்?”

“கையெழுத்துதான் பாக்கி. அவங்கப்பா கீழே உக்காந்திருக்கார்.”

“அனுப்பிட்டா அவ படிப்பு அதோட சரி. அடுத்த முகூர்த்தத்துலயே கல்யாணம் பண்ணி வச்சிருவாங்க.”

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? எல்லாம் அச்சுப் பிசகாம பொருந்துதே!”

மெஹருன்னிசா வாதாடவில்லை. சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதினார்.

sin⁴θ − cos⁴θ = 1 − 2 sin²θ

“இதை நிரூபிங்க சார். அப்புறம் கையெழுத்துப் போடுங்க.”

மனிதருக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. மளமளவென்று இறங்கினார். நான்கே வரி. இடப்பக்கம் சமர்த்தாக வலப்பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

“தீட்டாவுக்குப் பூஜ்யம் போட்டுப் பாருங்க.”

போட்டார். இடப்பக்கம் மைனஸ் ஒன்று. வலப்பக்கம் ஒன்று.

அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். அதேதான்.

“கணக்கே தப்பு டீச்சர்!”

“ஆமா, தப்பாத்தான் கொடுத்தேன். தப்பான கணக்கை எப்படி சார் நிரூபிச்சீங்க?”

ஞானதுரை கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முதல் வரியில் சைன் முன்னால், காஸ் பின்னால். இரண்டாவது வரியில் காஸ் முன்னால் வந்து நின்றது. எழுதியது அவர் கைதான்.

“நான் மாத்தலையே,” என்றார். “சத்தியமா எனக்கே தெரியாது டீச்சர்.”

மெஹருன்னிசா கையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பெண்ணின் அப்பா பொறுக்க முடியாமல் மேலே வந்துகொண்டிருந்தார்.

ஞானதுரை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“அவ திருட்டு முழி முழிச்சு அழுதா, அதனாலதான் அதட்டினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்,” என்றார். “இல்ல டீச்சர். நான்தான் முதல்ல அதட்டினேன். அப்புறம்தான் அவ அழுதா.”